சேலத்து வீட்டில் போஹோ ஹால்: ஜமக்காளத்திலிருந்து தொடங்கலாம்

போஹோ அறை என்று படங்களில் பார்த்திருப்பீர்கள். தரையில் விரிப்பு, தாழ்வான இருக்கை, ஒன்றோடொன்று பொருந்தாத தலையணைகள், தொங்கும் செடி, பிரம்பு, மஞ்சள் வெளிச்சம். 19ஆம் நூற்றாண்டு பாரிஸில் கையில் காசில்லாத ஓவியர்களும் எழுத்தாளர்களும் கிடைத்ததை வைத்து வாழ்ந்த விதத்திலிருந்து வந்த பாணி இது. அதனால் இதை ஒரே கடையில் செட்டாக வாங்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டில் இருப்பதும் பக்கத்து ஊரில் நெய்வதும் சேரும்போதுதான் இந்த அறைக்கு உயிர் வரும். சேலத்தைச் சுற்றி அதற்குக் குறைவே இல்லை. பவானியில் ஜமக்காளம், அம்மாபேட்டையிலும் இளம்பிள்ளையிலும் நெசவு, தம்மம்பட்டியில் மரச்சிற்பம், மேலே ஏற்காட்டில் காபித் தோட்டம்.

தொடங்கும் முன் இரண்டு விதிகளை மட்டும் மனதில் வையுங்கள். துணி என்று இருப்பதெல்லாம் வீட்டிலேயே துவைக்கக்கூடியதாக இருக்கட்டும். தரையில் இருப்பதை ஒரே ஆள் நகர்த்திப் பெருக்க முடியவேண்டும். நம் வீட்டு ஹாலில்தான் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள், தாத்தா டிவி பார்க்கிறார், மழை வந்தால் துணி காய்கிறது, திடீரென்று நான்கு பேர் வந்தால் இலை போடுகிறோம். இவ்வளவையும் தாங்காத அலங்காரம் ஒரு மாதம்கூட நிற்காது.

படி 1: காலி செய்யுங்கள், வெயிலைக் கவனியுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபா, டிவி ஸ்டாண்டு தவிர மற்றதை எல்லாம் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போடுங்கள். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் மேற்கு ஜன்னல் ஓரம் வைத்த துணி சீக்கிரம் வெளுத்துவிடும், செடி கருகிவிடும். அந்தக் கோட்டுக்குள் மரச்சாமானும் மண்பாண்டமும் இருக்கட்டும், துணியும் செடியும் வெளியே போகட்டும். வீட்டில் யார் எந்த வழியாக நடக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வாசலிலிருந்து சமையலறைக்குப் போகும் பாதையில் எந்த விரிப்பும் வேண்டாம்.

படி 2: நிறம்

சுவருக்கு வெள்ளை அல்லது லேசான சந்தன நிறம். அதற்கு மேல் மூன்று நிறங்கள் போதும். அந்த மூன்றையும் ஜமக்காளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக சிவப்பு, கரும்பச்சை, மஞ்சள். பழைய வீட்டின் சிவப்பு ஆக்சைடு தரை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர், பாதி வேலை முடிந்தது.

படி 3: தரை

இந்த அறையில் நிதானமாகச் செலவு செய்யவேண்டிய இடம் தரைதான். சேலத்திலிருந்து கோவை நெடுஞ்சாலையில் சுமார் 60 கிலோமீட்டரில் பவானி. கெட்டியான பருத்தி நூலில் பட்டை பட்டையாக நெய்யும் பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. வெளிநாட்டு விரிப்பின் அச்சுப்பிரதிக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள் என்று உரிமையோடு சொல்வேன். பல வருடம் உழைக்கும், துவைக்கலாம், ஒரு பக்கம் நிறம் மங்கினால் திருப்பிப் போடலாம்.

வாங்கும்போது இரண்டு பக்கமும் புரட்டிப் பாருங்கள். கைத்தறி ஜமக்காளத்தில் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். கையில் தூக்கினால் கனம் தெரியும். ஓரத்தில் சிறு ஏற்ற இறக்கம் இருந்தால் அது குறையல்ல, கையால் நெய்ததன் அடையாளம். ஓரத்தை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கக் கடைக்காரரிடம் கேளுங்கள். சாயம் ஒட்டினால் வேறு ஒன்று எடுங்கள்.

அளவில்தான் புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவார்கள். அறை நடுவில் தனியாக மிதக்கும் சின்ன விரிப்பு அறையையே சின்னதாகக் காட்டும். சோபாவின் முன்னங்கால்களாவது விரிப்பின் மேல் நிற்கவேண்டும். ஆறடி சோபாவுக்கு ஆறடிக்கு ஒன்பதடி ஜமக்காளம் சரியாக வரும். அவ்வளவு பெரிது இல்லையென்றால், அடியில் பெரிய கோரைப்பாய் ஒன்று விரித்து, அதன் மேல் சிறிய ஜமக்காளத்தைக் கொஞ்சம் சாய்வாகப் போடுங்கள். இப்படி அடுக்குவது இந்தப் பாணிக்கே உரியது. கோரைப்பாயின் மேல் மட்டும் நாற்காலிக் கால் ஏறக்கூடாது, கோரை முறிந்துவிடும். தரையைத் துடைத்தால் நன்றாகக் காய்ந்த பிறகே பாயை விரியுங்கள்.

டைல்ஸ் தரையில் ஜமக்காளம் வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை அலட்சியமாக விடவே கூடாது. அடியில் போட ரப்பர் வலை விரிப்பு கிடைக்கும், ஜமக்காளத்தைவிட நான்கு விரற்கடை சிறியதாக வெட்டிப் போடுங்கள்.

முதல் இரண்டு துவையலைத் தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊறவைக்காமல் செய்யுங்கள். நனைந்த ஜமக்காளம் கொடிக்கயிற்றை அறுத்துவிடும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வெயில் நேராக விழாத நேரத்தில் போடுவது நல்லது.

படி 4: உட்காரும் இடம்

பழைய இலவம் பஞ்சு மெத்தை பரண் மேல் இருந்தால் இறக்குங்கள். மெத்தைக் கடையில் கொடுத்துப் பஞ்சைப் புதுப்பித்து, இரண்டரை அடி அகலத்தில் தைத்து வாங்கினால் சுவரோரம் அழகான தரை இருக்கை தயார். கெட்டியான கைத்தறித் துணியில், ஜிப் வைத்த உறையாகப் போடச் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை வெயிலில் காயவைத்தால் பஞ்சு உப்பிக்கொண்டு வரும். சேலத்து வெயில் அதற்கு நல்ல உதவி.

தாத்தா பாட்டியின் நாற்காலியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். முழங்கால் வலிப்பவரைத் தரையில் உட்காரச் சொல்வது எந்தப் பாணிக்கும் நியாயமில்லை. கைப்பிடி வைத்த பழைய பிரம்பு நாற்காலி இங்கே அழகாகவே பொருந்தும். வீட்டில் ஊஞ்சல் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அமையுங்கள்.

அப்புறம் தலையணைகள். இரண்டு பெரியது, மூன்று நடுத்தரம், ஒரு திண்டு. பெரியவை ஒரே நிறமாக, நடுத்தரம் ஒன்றில் கட்டம், ஒன்றில் கோடு, ஒன்றில் சுங்குடிப் புள்ளி. வடிவங்கள் வேறாக இருந்தாலும் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு நிறம் பொதுவாக ஓடினால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

உறைகளைப் பழைய புடவையில் நீங்களே தைக்கலாம். ஜிப்பும் வேண்டாம், பட்டனும் வேண்டாம். 40 செ.மீ. சதுரத் தலையணைக்குக் கணக்கு இது: 100 செ.மீ. நீளம், 42 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். நீளத்தின் இரு முனைகளையும் 2 செ.மீ. மடித்துத் தைத்தால் 96 செ.மீ. இருக்கும். துணியின் நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, இரு முனைகளையும் நடுவை நோக்கி மடியுங்கள். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று 16 செ.மீ. ஏறி, மொத்தம் 40 செ.மீ. அகலத்துக்கு வரவேண்டும். திறந்திருக்கும் இரு ஓரங்களையும் 1 செ.மீ. உள்ளே தள்ளித் தைத்துப் புரட்டினால் உறை தயார். ஐந்தரை மீட்டர் புடவையின் அகலத்தில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு துண்டு வரும். முழுப் புடவையும் நன்றாக இருந்தால் பத்து உறை கிடைக்கும், கிழிந்த இடங்களை ஒதுக்கினாலும் ஆறேழு தேறும். மீதி வரும் பார்டரைப் பத்திரமாக வையுங்கள், சுவருக்கு வேண்டும்.

பழைய பட்டுப் புடவை மடிப்பில் இற்றுப்போயிருக்கும். மெல்லிய மல் துணியை அடியில் வைத்துச் சேர்த்துத் தைத்தால் தாங்கும். ஜரிகை கன்னத்தில் உரசும், ஆகவே அதைப் பின்பக்கம் வருமாறு வையுங்கள்.

படி 5: ஜன்னலுக்கு வேட்டி

இது எனக்கு மிகவும் பிடித்த படி. நாலு முழ வேட்டி ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம் இருக்கும். நாலடி அகல ஜன்னலுக்கு இரண்டு வேட்டி போட்டால் துணி இரு மடங்கு வரும், திரைச்சீலைக்கு வேண்டிய சுருக்கமும் சரியாக விழும். மேல் முனையை 8 செ.மீ. மடித்து ஒரே தையல், உள்ளே கம்பி நுழையும். கரை இரு பக்கமும் நெடுக இறங்கும்போது வேறு அலங்காரமே தேவைப்படாது. மேற்கு ஜன்னலுக்கு மட்டும் பின்னால் இன்னொரு கெட்டித் துணி சேருங்கள். இதற்குச் சாதாரணப் பருத்தி வேட்டி போதும். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு வீட்டில் இருந்தால் அதை வெயிலில் தொங்கவிடாதீர்கள், பட்டு வெயில் தாங்காது.

படி 6: விளக்கு

டியூப்லைட் இருக்கட்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். அதோடு தாழ்வாக இரண்டு மூன்று விளக்குகள் சேருங்கள். பல்பு வாங்கும்போது பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அந்த வெளிச்சம்தான் மஞ்சளாக விழும். மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அடிப்பகுதியில் ஹோல்டர் நுழையும் அளவு துளை போட்டால் நல்ல விளக்குக் கூடு கிடைக்கும். 5 அல்லது 7 வாட் எல்.இ.டி. மட்டும் போடுங்கள், பழைய குண்டு பல்பின் சூடு மூங்கிலுக்கு ஆபத்து. ஒயர் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கார்த்திகைக்கு அகல் ஏற்றும்போது வேட்டித் திரையைக் கட்டி ஒதுக்கிவிடுங்கள்.

படி 7: செடியும் கயிறும்

முதல் செடியாக மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட் இரண்டும் போதும். மண்ணில் விரலை ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கொட்டுங்கள், இல்லையென்றால் டெங்கு கொசு வளர இடம் கொடுத்ததாகிவிடும். இந்த இரண்டு செடிகளின் இலையையும் மென்றால் வாய் எரியும், வீங்கும். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

தொங்கவிட மேக்ரமே, அதாவது முடிச்சுப் பின்னல் கயிறு கட்டுவது எளிது. 4 மி.மீ. பருத்திக் கயிற்றில் 3 மீட்டர் துண்டுகள் நான்கு வெட்டி, ஒரு வளையத்துக்குள் நுழைத்து நடுவில் மடியுங்கள். எட்டு இழைகள் தொங்கும். வளையத்துக்குக் கீழே எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முடிச்சு. 45 செ.மீ. கீழே இரண்டிரண்டு இழையாக நான்கு முடிச்சு. அதற்கு 10 செ.மீ. கீழே, ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒரு இழையை எடுத்துப் பக்கத்து ஜோடியின் ஒரு இழையோடு முடிச்சிடுங்கள், வலை மாதிரி வரும். இன்னும் 10 செ.மீ. கீழே எட்டையும் சேர்த்து இறுக்கி ஒரே முடிச்சு. ஒரு சாண் அகலத் தொட்டி இதில் நன்றாக உட்காரும். மாட்டும் முன் தண்ணீர் ஊற்றிய தொட்டியை வைத்துத் தூக்கிப் பார்த்து, கொக்கி தாங்குமா என்று உறுதி செய்யுங்கள்.

படி 8: சுவர்

எடுத்துவைத்த புடவை பார்டரைச் சட்டம் போடுங்கள். சின்னதும் பெரியதுமாக மூன்று முறம், தாத்தா பாட்டியின் கல்யாணப் போட்டோ, தம்மம்பட்டி மரச்சிற்பத்தில் ஒரு சிறு பலகை, இவ்வளவு போதும். ஆணி அடிக்கும் முன் ஒவ்வொன்றின் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் பாருங்கள். நின்று பார்க்கும் சுவரில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் இருக்கலாம். தரை இருக்கைக்கு எதிர்ச்சுவரில் 120க்கு இறக்குங்கள். வாடகை வீடு என்றால் திரைக் கம்பியிலிருந்து கயிற்றில் தொங்கவிடலாம், பெரிய சட்டத்தைத் தரையில் சாய்த்தும் வைக்கலாம்.

ஏற்காட்டில் வீடு என்றால்

சேர்வராயன் மலையில் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் உங்களுக்கு வெயில் பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. மூடுபனி நாட்களில் வெளிச்சுவரை ஒட்டிய துணியில் பூஞ்சை பிடிக்கும். சுவரில் மாட்டும் எதற்கும் பின்னால் ஒரு விரல் அகலம் இடைவெளி விடுங்கள், சட்டத்தின் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் போதும். கோரைப்பாயை மழைக்காலத்தில் சுருட்டி நிறுத்திவையுங்கள். தரை இருக்கையை நேராகத் தரையில் போடாமல் தாழ்வான மரப்பலகை மேல் போடுங்கள், அடியில் காற்று ஓடட்டும்.

அதே மலை உங்களுக்குக் கொடுப்பதும் அதிகம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி இன்றும் அங்கே வளர்கிறது. தோட்டத்தில் பழைய செடிகளைப் பிடுங்கும்போது கேட்டு வாங்கினால், முறுக்கேறிய அந்தத் தண்டு சுவரலங்காரம் தொங்கவிடவும் விளக்குக் காலாகவும் ஆகும். வாங்கும் முன் தண்டில் துளையோ மரத்தூளோ இருக்கிறதா பாருங்கள். அரபிகா காபியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு புகும், அப்படிப்பட்ட தண்டை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். நல்ல தண்டையும் பட்டை உரித்து, வெயிலில் நன்கு உலர்த்தி, ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், சுருட்டி வைத்தால் தானாகத் தீப்பிடிக்கும்.

பூ ஜாடிக்கு நிழல்மரமான சில்வர் ஓக்கின் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொள்ளலாம், அடிப்பக்கம் வெள்ளி போல இருக்கும். காட்டிலிருந்து ஆர்க்கிட் மட்டும் பறிக்காதீர்கள். அதைப் பார்க்க ஏற்காட்டில் தேசிய ஆர்க்கிட் தோட்டமே இருக்கிறது, வளர்க்க வேண்டுமென்றால் நர்சரியில் வாங்குங்கள்.