அறிவியல் கதை எழுத வருகிறவர்களே, உப்பு எங்கே?

பகலில் எனக்கு அறிவியல் கட்டுரைகளைத் திருத்தும் வேலை. ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் என் வீட்டுத் திண்ணைதான் அலுவலகம். பிறர் எழுதிய எண்களைச் சரிபார்ப்பேன். ‘விஞ்ஞானிகள் வியப்பு’ என்ற தொடரைக் கண்ட இடத்தில் அடிப்பேன். விளக்கு வைத்த பிறகு என் சொந்த அறிவியல் கதைகள். இது தெரிந்து சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் கைப்பிரதியோடு வருகிறார்கள். தொடக்கத்தில் நான் இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒற்றுப்பிழை, ஒளியாண்டைக் காலமாக எண்ணுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை எந்தப் பள்ளி ஆசிரியரும் திருத்திவிடுவார்.

மிச்சத்தை மறப்பது

சென்ற கோடையில் ஒரு கல்லூரி மாணவர் முழு நாவலோடு வந்தார். கதை நம் கடற்கரையில் நடக்கிறது. உள்ளங்கை அளவில் ஒரு கருவி, கடல்நீரைக் குடிநீராக்கிவிடும். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து, தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு வரும் ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல கனவு கிடையாது. முதல் அத்தியாயத்தை ரசித்தே படித்தேன்.

கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று நான் மடக்குவேன் என எதிர்பார்த்து வந்திருந்தார். அதில் பெரிய குறை இல்லை. கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீரைப் பிரிக்க இயற்கை கேட்கும் குறைந்தபட்ச ஆற்றல் ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம். 15 லிட்டர் குடத்துக்குக் கணக்கிட்டால் ஒரு கைப்பேசி பேட்டரி கொள்ளும் அளவுதான். கடைசிச் சொட்டு வரை பிழிந்தால் இந்த அளவு அதிகமாகும். இன்றைய ஆலைகள் மூன்று மடங்கு செலவழிக்கின்றன. அதைக் கதையில் குறைத்துக்கொள்ள எழுத்தாளருக்கு உரிமை உண்டு.

“பிறகு என்னதான் அண்ணே தப்பு?”

“உப்பு எங்கே தம்பி?”

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஒரு குடம் நன்னீர் எடுத்தால் அரைக் கிலோவுக்கு மேல் மிஞ்சும். வீட்டுக்குப் பத்துக் குடம் என்றால் ஐந்து கிலோ. 400 வீடுள்ள ஊரில் தினமும் இரண்டு டன். அவருடைய நாவலில் கருவி வந்து ஒரு தலைமுறையே வளர்ந்துவிடுகிறது. ஒரு கைப்பிடி உப்புகூட எங்கும் தென்படவில்லை.

“கதைதானே” என்றார். இதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் தலைக்கேறும். கட்டுரை என்றால் ‘கழிவுநீர் மேலாண்மை அவசியம்’ என்று ஒரு வரியில் ஒப்பேற்றிவிடலாம். கதையில் மனிதர்கள் அந்த உப்போடு வாழ்ந்தாக வேண்டும்.

அன்று மாலை, கருவாடு போடும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கதையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “அந்த உப்பு கருவாட்டுக்கு ஆகுமா?” ஆகாது. உப்பளத்தில் சாப்பாட்டு உப்பு படிந்த பின்பும் கசக்கும் மக்னீசிய உப்புகள் எஞ்சிய நீரிலேயே தங்கியிருக்கும். அந்த நீரை வடித்துவிடுவார்கள். நீரை முழுவதும் உறிஞ்சும் கருவியில் எல்லாம் சேர்ந்தே வரும். கசக்கும், ஈரத்தை இழுத்து நசநசக்கும். யாராவது அதைச் சுத்தம் செய்து விற்கப் பார்ப்பார்கள். அப்போது வாலிநோக்கம் உப்பளத்தில் கூலிக்கு வாருகிறவர்கள் என்ன ஆவார்கள்? விலைபோகாததைக் கடலிலேயே கரைத்தால், ஆழமில்லாத கரையோரத்தில் கடல்தாழை என்ற கடற்புல் என்னாகும், அதை மேயும் ஆவுளியா என்ற கடற்பசு எங்கே போகும்? எந்த ஊர் உப்பை எந்த ஊர்க் கரையில் கொட்டுவது என்று அடிதடி வராதா? நாவல் அங்கேதான் இருக்கிறது. அவரோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தை வில்லனாக்கிக் கருவியைத் திருட வைத்திருந்தார்.

எண் பிழை என்றால் ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது. இது அப்படியல்ல. முதல் அத்தியாயத்துக்குப் பின் வந்த எதையும் காப்பாற்ற முடியவில்லை. பாவம், இரண்டு விடுமுறைக் காலத்து உழைப்பு.

கடலை ஒரே கடலாக எழுதுவது

பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் அடங்கியிருக்கும், சோழகம் என்ற தென்காற்றில் தலைகீழ். நாட்டுப்படகுக்காரர்கள் பருவம் பார்த்துப் படகை மறுபக்கம் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு கதையின் நாயகன் மார்கழி வாடையில், அலையே இல்லாத வடகடலில் நீர்மூழ்கியை இறக்கி நூறு மீட்டர் ஆழம் போகிறான். பெரும்பாலும் 15 மீட்டர்கூட ஆழமில்லாத பாக் விரிகுடாவில் நூறு மீட்டர் போக, அவன் முதலில் தரையைத் தோண்ட வேண்டும்.

தனுஷ்கோடியில் ஆழ்துளைக் கிணறு

மழைநீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதனால்தான் அங்கே கையால் மணலை விலக்கினால் ஊற்று கிடைக்கிறது, ஆழம் போனால் உப்பு. உங்கள் எதிர்காலப் பொறியாளர் 300 அடி துளைத்து நன்னீர் எடுத்தால், சிரட்டையில் ஊற்றுநீர் மொள்ளும் பாட்டி சிரிப்பார்.

முழுநிலா நள்ளிரவில் எழுவது

எழாது. பொழுது சாயும்போது எழும்.

இரு விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்துவது

வெட்டுங்கள்.

எழுதும்போதே திருத்துவது

இது என்னைப் போன்ற பத்திரிகை ஆட்களுக்கு. செவ்வாயின் ஈர்ப்பு பூமியுடையதில் 38 சதவீதமா என்று பார்க்க எழுந்தால், அன்றைய இரவு போயிற்று. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே எழுதுங்கள். எண்கள் காலையிலும் அங்கேயே இருக்கும். கதாபாத்திரம் பேச வந்தது இருக்காது.

விண்கலத்துக்குக் கலாம் பெயர்

ராமேஸ்வரத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஏற்கெனவே வைத்துவிட்டார்கள். வேறு பெயர் தேடுங்கள்.