குறைந்த பட்ஜெட்டில் சின்ன கார்: வாங்கும் முன் எதை, எப்படிப் பார்ப்பது

கையில் காசு குறைவு, ஆனால் கார் அவசியம் வேண்டும் என்கிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மாடல் நல்லது?" என்றுதான். புது வண்டிக்கு அது சரியான கேள்வி. பழைய வண்டிக்கு மாடல் பாதி விஷயம்கூட இல்லை. ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே நாளில் வெளியே வந்த இரண்டு வண்டிகளில் ஒன்று பத்து வருஷம் கழித்தும் குண்டுக்கல் மாதிரி இருக்கும், இன்னொன்று நாலு கை மாறி மாதம் ஒரு தடவை மெக்கானிக்கிடம் போய் நிற்கும். ஆயிலை எப்போது மாற்றினார்கள், எப்படி ஓட்டினார்கள், எங்கே இடித்தார்கள் என்பதுதான் அந்த வித்தியாசத்துக்குக் காரணம். மாடல் பற்றிய விமர்சனங்களை ஒரு நாள் படித்தால் போதும். மிச்ச நேரத்தை எதிரில் நிற்கும் அந்த ஒரு வண்டியைப் பார்ப்பதற்குச் செலவிடுங்கள்.

முதலில் செலவுக் கணக்கு. கேட்கும் விலை வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர மட்டும்தான், ஓட்டுவதற்கு வேறு காசு வேண்டும். இன்ஷூரன்ஸ், எரிபொருள், வருஷா வருஷம் சர்வீஸ், டயர், பேட்டரி, கடைசியில் விற்கும்போது எவ்வளவு திரும்பி வரும் என்று எல்லாவற்றையும் நாலைந்து வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். விலை மலிவாகத் தெரிந்த வண்டி இந்தக் கணக்கில் பின்னால் போய்விடுவது சகஜம். அழகுக்காகப் பெரிய அலாய் வீல் போட்ட மேல் வேரியண்டுக்கு டயர் விலை தனியாகக் கையைக் கடிக்கும். பழைய வண்டி என்றால் மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது தொடாமல் எடுத்து வைத்துவிட்டு, மீதிக்குத்தான் வண்டி தேட வேண்டும்.

புதுசா, பழசா? புது வண்டியின் மதிப்பு முதல் இரண்டு மூன்று வருஷத்தில்தான் வேகமாக இறங்குகிறது, அந்த இறக்கத்தை முதல் உரிமையாளர் சுமந்துவிடுகிறார். அதனால் மூன்று முதல் ஐந்து வருஷம் ஓடிய, ஒரே கையில் இருந்த, சர்வீஸ் பில்கள் பத்திரமாக இருக்கிற வண்டிக்குத்தான் என் ஓட்டு. ஆனால் வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது, கூட்டிப் போக ஆளும் இல்லை, திடீர்ச் செலவு வந்தால் தாங்காது என்றால் வாரண்டியோடு வரும் புது வண்டி தரும் நிம்மதிக்கு மதிப்பு உண்டு, அதில் தப்பே இல்லை.

புது வண்டி பார்க்கப் போகிறவர்கள் டச் ஸ்கிரீன் அளவைப் பார்ப்பதற்கு முன் பாதுகாப்பைப் பாருங்கள். எத்தனை ஏர்பேக், பின் சீட்டின் நடுவிலும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, குழந்தை சீட் மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி உண்டா, முக்கியமாக ஈஎஸ்சி இருக்கிறதா? வளைவில் வண்டி வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் கொடுத்து நேராக்குகிற அமைப்பு அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புது கார்களுக்கும் கட்டாயம். சில இடங்களில் இன்னும் மேல் வேரியண்டில் மட்டும் கொடுக்கிறார்கள், அதனால் நீங்கள் வாங்கப் போகும் வேரியண்டின் பட்டியலிலேயே பாருங்கள்.

நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்க்கும்போது அது எந்த வருஷத்துச் சோதனை என்றும் பார்க்க வேண்டும். 2005-ல் யூரோ என்சிஏபி என்ற ஐரோப்பிய அமைப்பின் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது ஃபியட் புன்டோ. அடிப்படையில் அதே வண்டி 2017-ல் மறுபடி சோதிக்கப்பட்டபோது ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. வண்டி மோசமாகிவிடவில்லை, அளவுகோல் அவ்வளவு உயர்ந்துவிட்டது. பழைய வண்டி விற்பவர் "ஃபைவ் ஸ்டார் வண்டி சார்" என்று சொன்னால் வருஷத்தைக் கேளுங்கள்.

உட்கார்ந்து பார்ப்பதையும் ஒழுங்காகச் செய்யுங்கள். ஓட்டுநர் சீட்டை உங்கள் உயரத்துக்குச் சரி செய்துவிட்டு, அதைத் தொடாமல் இறங்கிப் போய் அதற்குப் பின்னால் உட்காருங்கள். முட்டி இடிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். டெஸ்ட் டிரைவில் தனியாகப் போகாமல் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, ஒரு மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். சின்ன என்ஜின் ஒற்றை ஆளோடு துள்ளும், ஐந்து பேரோடு மூச்சு வாங்கும்.

ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலிவு வண்டிகளில் வரும் ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் வேலையை உங்களுக்குப் பதில் ஒரு மோட்டார் செய்கிறது. விலை குறைவு, மைலேஜ் நன்றாக இருக்கும், ஆனால் கியர் மாறும்போது ஒரு தலையாட்டல் இருக்கும். கியர் படிகளே இல்லாத சிவிடி வழவழப்பாகப் போகும், அதற்கான ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டி பழசில் மாட்டினால் செலவு பெரிது.

இனி பழைய வண்டி. இதில்தான் பொறுமை வேண்டும்.

போகும் முன்பே விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேட்டுவிட்டு இன்னொரு நாள் காலையில் போவது நல்லது. குளிர்ந்த என்ஜின் நிறைய விஷயங்களை வெளியே காட்டிவிடும், சூடான என்ஜின் அதையெல்லாம் மறைத்துவிடும். ஸ்டார்ட் செய்வதற்கு முன், என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் இருக்கும் டேங்கைப் பாருங்கள், அதில் எண்ணெய் மிதக்கக்கூடாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பால் கலந்தது போல வெளுத்த பசை நிறைய இருந்தால், கூலண்ட் ஆயிலோடு கலக்கிறது, இரண்டையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். குளிரில் சின்னச் சின்ன தூரம் மட்டுமே ஓடும் வண்டியிலும் மூடியில் லேசாக அந்தப் பசை வரும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாமல் கூலண்ட் அளவு, புகை இரண்டோடும் சேர்த்துப் பாருங்கள்.

இக்னிஷனை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு, ஏர்பேக் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு எல்லாம் எரிய வேண்டும். பலரும் விளக்கு எரியவில்லை என்றால் நல்லது என்று நினைக்கிறார்கள். இந்த நேரத்தில் எரியாவிட்டால் யாரோ அந்த விளக்கைப் பிடுங்கிவிட்டிருக்கலாம். எரிந்து, சிறிது நேரத்தில் ஏர்பேக் விளக்கும், ஸ்டார்ட் ஆனதும் மற்றவையும் அணைந்தால்தான் சரி.

ஸ்டார்ட் செய்ததும் ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். குளிர் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளை ஆவி வருவது சாதாரணம். சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால் கூலண்ட் எரிகிறது. நீலம் என்றால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அளவுக்கு மீறிப் போகிறது, அது பல சமயம் சின்ன ரிப்பேர்தான்.

அப்புறம் பாடி. நல்ல பகல் வெளிச்சத்தில், வண்டி காய்ந்திருக்கும்போது பாருங்கள், கழுவிய ஈரத்தில் எல்லா பெயிண்டும் புதுசாகத் தெரியும். கதவையும் பானட்டையும் சுற்றி உள்ள இடைவெளி இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பானட்டைத் திறந்து கீலிலும் ஃபெண்டரிலும் உள்ள போல்ட் தலைகளைக் கவனியுங்கள். அவற்றின் பெயிண்ட் உடைந்து ஸ்பேனர் தடம் தெரிந்தால் அந்தப் பாகம் கழற்றப்பட்டிருக்கிறது. பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் தெளிவு: கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 180 மைக்ரானுக்குள் இருக்கும், ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் மறுபெயிண்ட், ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள். ஒரு கதவில் டிங்கரிங் செய்தது குற்றமில்லை, நகரத்தில் ஓடும் வண்டிக்குக் கீறல் விழத்தான் செய்யும். என்ஜினைத் தாங்கும் சட்டத்திலோ கூரைத் தூணிலோ வெல்டிங் இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். அடுத்த விபத்தில் அந்த இடம் எப்படி மடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உள்ளே துடைத்து வாசனை அடித்துக் கொண்டுவருவார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். அந்தக் கடைசி ஒரு சாண் நீளத்தை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கறை அங்கே கோடாக நிற்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் நின்ற கோடு, இவற்றில் எதைப் பார்த்தாலும் கிளம்பிவிடுங்கள். ஒயரிங்கில் இறங்கிய ஈரம் ஒரு வருஷம் கழித்துக்கூடத் தொல்லை தரும்.

ஓடோமீட்டரை அப்படியே நம்பாதீர்கள். அதைத் திருத்துவது எளிது, வண்டியின் மற்ற தேய்மானங்களை எல்லாம் திருத்துவது கஷ்டம். டயரின் பக்கச் சுவரில் DOT என்று ஆங்கிலத்தில் தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானது. இப்போது யோசியுங்கள்: வண்டி 2018-ல் வந்தது, மீட்டர் 25,000 கிலோமீட்டர் காட்டுகிறது, நாலு டயரும் 2022-ல் தயாரானவை. 25,000 ஓடிய வண்டிக்கு நாலு டயரையும் ஏன் மாற்ற வேண்டி வந்தது? நியாயமான பதிலும் இருக்கலாம், ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. கூடவே கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர், ஸ்டீயரிங்கின் மேல் தோல், ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரம் எல்லாம் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். பழைய சர்வீஸ் பில்களில் எழுதிய கிலோமீட்டர் வரிசையாக ஏறிக்கொண்டே போகிறதா என்றும் சரிபாருங்கள்.

டயரைப் பார்க்கும்போது தேய்மானம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் அல்லது சஸ்பென்ஷனில் கோளாறு. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பல நாடுகளில் சட்டப்படியே ஓட்டக்கூடாது. ஆழம் நன்றாக இருந்தும் பத்து வருஷத்துப் பழசு என்றால் ரப்பர் இறுகிப்போயிருக்கும், மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஓட்டும்போது ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள், முன் சக்கரத்திலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் பிரேக் டிஸ்கில் கோளாறு. கிளட்சுக்கு ஒரு சோதனை: ஹேண்ட்பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் வைத்து, கிளட்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் அணைந்துவிட்டால் கிளட்ச் நல்லது, அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளட்சையும் கெடுத்துவிடுவீர்கள்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை மாட்டிப் பாருங்கள், மலிவான ப்ளூடூத் கருவியே போதும். குறியீடுகள் இல்லை என்று வந்ததும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ரெடினஸ் என்ற பகுதியைத் திறந்தால் வண்டியின் சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று தெரியும். பல சோதனைகள் முடியாமல் இருந்தால் சமீபத்தில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். காரணம் கேளுங்கள்.

சில மாடல்களுக்கே உரிய வியாதிகளும் உண்டு. ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், பியூஜோ, சிட்ரோயனில் வரும் 1.2 ப்யூர்டெக் ஆகிய என்ஜின்களின் முந்தைய பதிப்புகளில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. பெல்ட் சிதைந்து துகள் உதிர்ந்தால் ஆயில் பம்பின் சல்லடை அடைத்துக்கொள்ளும், அப்புறம் என்ஜினே போய்விடும். ஆயிலை நேரத்துக்கு மாற்றிய பில் இல்லாமல் இவற்றைத் தொட வேண்டாம். டகாட்டா என்ற கம்பெனியின் பழுதான ஏர்பேக்குகளுக்கான ரீகாலில் (பழுதை நீக்க வண்டிகளைத் தயாரிப்பாளரே திரும்ப அழைப்பது) உலகம் முழுக்க ஏராளமான சின்ன கார்கள் அடங்கும், சூட்டிலும் ஈரத்திலும் வருஷக்கணக்கில் நின்றவற்றில் ஆபத்து அதிகம். வண்டியின் 17 எழுத்து விஐஎன் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் ரீகால் பாக்கி இருக்கிறதா என்று வந்துவிடும். அதே எண் முன்கண்ணாடி ஓரத்திலும், கதவுச் சட்டத்திலும், வண்டியின் பதிவுப் பத்திரத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்து மனசுக்குப் பிடித்துவிட்டது என்றால், விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அவரிடம் வாங்காதீர்கள். முன்பணம் கொடுப்பதும் கடன் பாக்கி இல்லை என்று எழுத்தில் பார்ப்பதும் அதற்கு அப்புறம்தான்.

வாங்கிய முதல் வாரத்திலேயே, எடுத்து வைத்த அந்தப் பங்கிலிருந்து என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றுகிறவர்கள் குறைவு. டைமிங் பெல்ட் உள்ள வண்டியாக இருந்து, அதை மாற்றியதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடுகிறது என்றால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், பிரித்து மாட்டும் கூலி ஒரு தடவைதான் ஆகும்.