தாலி கட்டும் வேளையில் மங்கிப்போகும் முகங்கள்: கலியாணப் படப்பிடிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த ஆவணியில் திருகோணமலையின் உப்புவெளியில் நடந்த ஒரு கலியாணத்துக்கு விருந்தினனாகச் சென்றிருந்தேன். மணவறைக்கு முன்னால் நின்ற இளம் படப்பிடிப்பாளர், தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த பிழையை அப்படியே செய்துகொண்டிருந்தார். பற்றரி தீர்ந்துபோவது, மெமரி கார்ட்டை மறந்துவிட்டு வருவது போன்றவற்றை ஒருமுறை பட்டவர் தாமே திருத்திக்கொள்வார் என்பதால், அவற்றை இங்கே எழுதவில்லை.

தாலி கட்டும்போது லென்ஸை முழுவதும் திறந்து வைத்தல்

பின்னணி கரைந்து ஒரு முகம் மட்டும் துலங்கும் படம் அழகானதுதான். ஆனால் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சர் உள்ள) கமராவில் 85 மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 1.4 இல், அதாவது துளையை முழுவதும் திறந்து வைத்து, 2 மீற்றர் தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 4.5 சென்ரிமீற்றர் மட்டுமே. தாலி கட்டும் நேரத்தில் பொம்பிளை தலை குனிந்திருப்பார். மாலை முகத்துக்கு முன்னே தள்ளி நிற்கும். மாப்பிள்ளையின் கைகள் கழுத்துக்குப் பின்னே இருக்கும். பெற்றோர் அதற்கும் பின்னால் நிற்பர். இத்தனையும் அந்த 4.5 சென்ரிமீற்றருக்குள் அடங்குவதில்லை. கண்ணைத் தேடிப் பிடிக்கும் புதிய கமராக்களும், தாழ்ந்த இமைகளுக்கு முன்னால் பல வேளைகளில் தடுமாறி மாலையையே பிடித்துக்கொள்கின்றன.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், திருகோணமலை நகரில் ஒரு கலியாணத்தை இப்படித்தான் எடுத்தேன். கெட்டிமேளம் முழங்கிய அந்த நேரத்தில், பொம்பிளையின் அப்பா அட்சதையைக் கையில் பிடித்தபடி கண் கலங்கி நின்றார். என் படத்தில் தெளிவாக விழுந்தது மாலையின் சரிகை நாடா. அப்பா வெறும் மண்ணிற நிழலாகத் தெரிந்தார். கமராவின் சிறு திரையில் அந்தப் படம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சில வருடங்களுக்குப் பின், அவருடைய அந்தியேட்டிக் கல்வெட்டில் (நினைவு மலரில்) போடுவதற்குப் படம் கேட்டு மகள் வந்தார். படம் பிடிக்கவே கூச்சப்படும் மனிதர் அவர். அன்றைய கலியாணத்தை விட்டால் வேறு நல்ல படம் வீட்டில் இல்லை. என்னிடமும் இல்லை என்று சொல்ல நேர்ந்தது. அதனால்தான் இந்தத் தவறைக் காணும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அந்த நேரத்துக்கு, லென்ஸின் துளையைச் சுருக்கும் எஃப் 4 போதும். அதே லென்ஸுடன் 3 மீற்றருக்குப் பின்வாங்கினால் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றராகும். மணமக்கள் இருவரின் முகங்களும் அதற்குள் அடங்கும், பின்னால் நிற்பவர்களும் அடையாளம் தெரியாமல் கரைந்துபோக மாட்டார்கள். எஃப் 1.4 இலிருந்து எஃப் 4 க்கு வந்தால் ஒளி எட்டில் ஒன்றாகக் குறைவது உண்மைதான். கமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 800 இலிருந்து 6400 க்கு உயர்த்துங்கள். படத்தில் தோன்றும் புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம், தவறிய ஃபோகஸை மீட்க முடியாது. ஒன்றை மட்டும் துலக்கிக் காட்டும் ஆசையைச் சபையோரின் ஆசிக்காகக் கொண்டுசெல்லப்படும் தாலித் தட்டத்திலும், மருதாணிக் கையிலும், கூறைச் சேலையின் கரையிலும் தீர்த்துக்கொள்ளலாம். அவற்றில் பிழைத்தால் இன்னொரு முறை எடுக்க இடமுண்டு.

நீர்கொழும்பின் மாலைச் சூரியனை நிலாவெளியில் தேடுதல்

மேற்குக் கரையில் சூரியன் கடலில் இறங்குகிறது. இங்கே கிழக்குக் கரையில் கடலிலிருந்து எழுகிறது. இதைக் கருதாமல், கடலில் சூரியன் மறையும் படத்தைத் தருவதாக மணமக்களுக்கு வாக்களித்தவர்களை நான் அறிவேன். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் காலைச் சூரியன் செங்குத்தாக ஏறுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் கண் குழியில் நிழல் விழத் தொடங்கும். ஆகவே விடியலுக்கு முன்பே கரைக்கு வாருங்கள். மாலையென்றால், கடலைப் பின்னணியாக வைத்து மணமக்களை நிறுத்துங்கள். தாழ்ந்த வெயில் நிலப்பக்கத்திலிருந்து அவர்கள் முகத்தில் விழும்.

மண்டபத்து எல்இடி விளக்குகளின் கீழ் சத்தமில்லா ஷட்டர்

நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் செக்கனுக்கு 100 முறை மினுங்கும். சத்தமில்லாத எலக்ட்ரோனிக் ஷட்டரில் அது முகத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டைகளாகப் பதியும். மெக்கானிக்கல் ஷட்டரை 1/100 செக்கனில் வையுங்கள்.

வீடியோக்காரரின் விளக்கை நம்புதல்

அவர் மணமக்களிடமிருந்து இரண்டு மடங்கு தூரம் விலகினால் உங்களுக்குக் கால்வாசி ஒளிதான் மிஞ்சும்.

நிறப் பந்தலில் ஃபிளாஷைத் தெறிக்க விடுதல்

பந்தல் துணியில் பட்டுத் திரும்பும் ஒளி அதன் நிறத்தையும் கொண்டுவரும். துணி சிவப்பென்றால் முகமும் சிவப்பு.