காரைக்குடி வெயிலில் விப்டு கிரீம் அடிப்பது எப்படி

கடையில் ஃப்ரெஷ் கிரீம் என்று போட்டிருக்கும் பாக்கெட்டை வாங்காதீர்கள், அதில் பெரும்பாலும் 25 சதவீதம்தான் கொழுப்பு, எவ்வளவு அடித்தாலும் சரியாக நிற்காது. 35 சதவீதக் கொழுப்புள்ள விப்பிங் கிரீம்தான் வேண்டும். காரைக்குடி வெயிலுக்குக் கிரீம், எவர்சில்வர் கிண்ணம், கிரீம் அடிக்கும் பீட்டரின் கம்பி மூன்றையும் ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் கொழுப்பு இளகிவிட்டால் காற்றைப் பிடித்து வைக்காது. முடிந்தால் காலையிலேயே, ஐஸ் தண்ணீரில் கிண்ணத்தை வைத்து அடியுங்கள். 200 மில்லிக்கு இரண்டு ஸ்பூன் பொடித்த சர்க்கரை போதும். கம்பி போன தடம் மறையாமல் நின்றதும் வேகத்தைக் குறைத்து, கம்பியைத் தூக்கிப் பாருங்கள்: கிரீமின் நுனி லேசாக வளைந்தால் சரி, நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் திரிந்து வெண்ணெயாகிவிடும்.

அப்புறம், இனிப்புக் கவுனி அரிசி (கறுப்பரிசியில் செய்யும் செட்டிநாட்டு இனிப்பு) மேல் ஒரு கரண்டி வைத்துச் சாப்பிடுங்கள், அவ்வளவு பொருத்தம்! கவுனி நன்றாக ஆறியிருக்கட்டும், சூட்டில் கிரீம் உருகிவிடும்.