அறுபதுக்குப் பிறகு இலங்கை மலையகத்தில் நடக்கப் போகிறீர்களா? இறக்கத்தை முதலில் பாருங்கள்

மலை என்றதும் எல்லாரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுவார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்; நின்றால் அடங்கிவிடும். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். அதுவும் பிற்பகலில், கால் சோர்ந்த பிறகு வரும் இறக்கம். ஆகவே எங்கே ஏறுவது என்பதை விட எங்கே, எத்தனை மணிக்கு இறங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஆறு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். இரண்டு ஓட்டோவில் அடங்க வேண்டும். தினமும் மூட்டை கட்டி ஊர் மாறுவதும் வேண்டாம். ஹப்புத்தளையில் நான்கு இரவு தங்கி, சின்னப் பையோடு போய் வந்தால் போதும்.

ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை அந்தச் சரிவுகளை நனைக்கும்போது ஹப்புத்தளை இருக்கும் ஊவாப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். காற்றுதான் தொப்பியைப் பறிக்கும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டு பக்கமும் வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் படுத்திய பாடு யாருக்கும் மறந்திருக்காது. எந்த மாதமானாலும் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா, ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

முதல் நாள் டவுனிலிருந்து அடிஷாம் பங்களா வரை, சுமார் 3 கி.மீ. பார்ப்பதற்காக மட்டுமல்ல, சப்பாத்து எங்கே கடிக்கிறது என்று தெரிந்துகொள்ளவும்தான். தோல் சூடாவது போலிருந்தால் அப்போதே பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயனில்லை.

இரண்டாம் நாள் லிப்டன் சீட் என்ற மலை உச்சிக் காட்சி முனை. விடியும்போதே ஓட்டோவில் மேலே போய்விடுங்கள். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடும். பிறகு 1890இல் கட்டிய தம்பேதன்ன ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வரை 7 கி.மீ. இறக்கம். மணிக்கு 3 கி.மீ. என்று வைத்து, தேத்தண்ணிக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பாதி வழியில் ஓட்டோவை நிறுத்திவைத்தால், கால் வலிப்பவர் வெட்கப்படாமல் ஏறிக்கொள்வார்.

கொழுந்து எடுப்பவர்கள் சரசரவென்று இறங்கும் குறுக்குப் பாதை உங்களை இழுக்கும். அவர்களுக்கு அந்த மலையில் ஒவ்வொரு கல்லும் தெரியும், உங்களுக்குத் தெரியாது. தேயிலை நிரைகளுக்கு நடுவே மழைத் தண்ணீருக்காகக் கான் வெட்டியிருப்பார்கள். இரு பக்கச் செடியும் மேலே கூடிவிடும், சருகு மூடிவிடும். நிலமென்று நம்பி வைத்த கால் முழங்கால் வரை உள்ளே போகும். கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் குட்டையாக நறுக்கிவிட்ட மலை இன்னும் மோசம்: தடுக்கி விழுந்தால் கை ஊன்றுவது கூரான கட்டையில். வண்டிப் பாதையை விடாதீர்கள். ரயில் பாதையில் நடப்பது சட்டவிரோதம். சுரங்கத்துக்குள் ஒதுங்க இடமும் இருக்காது.

தடி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். சமதரையில் முழங்கை செங்கோணமாக நிற்கும் உயரம் சரி. இறக்கத்தில் 5 செ.மீ. நீட்டி, முதலில் தடி, பிறகு கால். இறங்கத் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து, குதிகாலைப் பின்னால் தள்ளி, சப்பாத்துக் கயிற்றைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பெருவிரல் முன்னால் இடித்து நகம் கறுக்கும்.

மூன்றாம் நாள் ஓய்வு. நான்காம் நாள் ஹோர்ட்டன் சமவெளி: 2,100 மீற்றருக்கு மேல், சுற்றுப்பாதை 9.5 கி.மீ. வாசலில் பொலித்தீனைப் பிடுங்கிவிடுவார்கள். ரொட்டியையும் கட்டச்சம்பலையும் டப்பாவில் கொண்டுபோங்கள். முதலில் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பு. முழங்கால் முறுக்கினால் பேக்கர் நீர்வீழ்ச்சியை விட்டுவிட்டு வந்த வழியே திரும்புங்கள்.

மலசலகூடம் இருக்காதே என்று தண்ணீர் குடிக்காமல் நடப்பதுதான் வயதானவர்கள் அதிகம் செய்யும் தவறு. தலைச்சுற்றலும் கெண்டைக்கால் பிடிப்பும் அதில்தான் வருகின்றன. மணிக்கு அரை லீற்றராவது குடியுங்கள். வியர்வை அதிகமென்றால் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூள், ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். பிரஷர் உள்ளவர்கள் டொக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளட்டும். நீரிழிவுக்காரர் சட்டைப் பையில் மூன்று தேக்கரண்டி சீனி இருக்கட்டும், பையின் அடியில் அல்ல.

ஈரமான இடத்தில் அட்டை ஏறும். காற்சட்டையை சொக்ஸுக்குள் செருகி, வெளியே சவர்க்காரம் தடவுங்கள். கடித்ததைப் பிய்க்காமல், நகத்தால் வாயருகே நெம்பித் தள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒழுக்கு நிற்க நேரமாகும். துணியால் அழுத்தியே பிடித்திருங்கள்.

அட்டை தொல்லைதான், ஆபத்து குளவி. மரத்தடியில், பாறையடியில் உட்காரும் முன் அண்ணாந்து கூட்டைத் தேடுங்கள். சென்ட் பூச வேண்டாம். கலைந்துவிட்டால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு அவ்விடத்தை விட்டு விலகுங்கள். பல கொட்டு விழுந்தாலோ மூச்சுத் திணறினாலோ 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ‘தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம்’ என்றால் அவர்கள் எங்கே தேடுவார்கள்? தோட்டத்தின் பெயர், அதில் எந்த டிவிஷன் (பிரிவு), எத்தனையாம் நம்பர் மலை (தேயிலை நிலத் துண்டு), மூன்றையும் சொல்லுங்கள். அருகில் கொழுந்து எடுப்பவரைக் கேட்டால் உடனே சொல்வார்.