இயற்பியல் படித்தால் சம்பளம் கூடுமா? அந்தப் புள்ளிவிவரத்தை வாசிக்கும் விதம்

‘பள்ளியில் இயற்பியல் எடுத்தவர்கள் உயிரியல் எடுத்தவர்களைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள்’ என்று ஒரு வரைபடம் கண்ணில் பட்டால், உடனே பாடத்தை மாற்றக் கிளம்பாதீர்கள். அந்த இரண்டு கூட்டமும் பாடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதானா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. ஏற்கெனவே கணக்கில் கெட்டிக்காரர்கள், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் உள்ளவர்கள், நல்ல ஆய்வகம் உள்ள பள்ளி வாய்த்தவர்கள்தான் இயற்பியல் பக்கம் அதிகம் போகிறார்கள், இவர்கள் வேறு எதைப் படித்திருந்தாலும் ஓரளவு சம்பாதித்திருப்பார்கள். அமெரிக்க மாணவர்களை வைத்துப் பொருளாதார அறிஞர் ஜோசப் ஆல்டோன்ஜி 1995இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பின்னணியையெல்லாம் கணக்கில் சேர்த்ததும், கூடுதல் பாடங்களால் வந்த சம்பள உயர்வு மிகச் சிறியதாகச் சுருங்கிவிட்டது.

சரி, அப்போது பாடத்தால் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. டென்மார்க்கில் முன்பு உயர்நிலைக் கணக்கு வேண்டுமென்றால் இயற்பியலையும் சேர்த்தே எடுக்க வேண்டும். 1980களில் சில பள்ளிகளில் மட்டும், வேதியியலோடும் எடுக்கலாம் என்று சோதனையாக அனுமதித்தார்கள். அந்த வசதி இருந்ததால் மட்டுமே கணக்கு எடுத்தவர்கள் பின்னாளில் கூடுதலாகச் சம்பாதித்ததாக 2009இல் வந்த ஆய்வு சொல்கிறது. அதற்குப் பெரிய காரணம், அவர்கள் மேற்படிப்புக்கு அதிகம் போனதுதான்.

அதனால் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன், ஒரு தாளில் பாடம், அது கதவு திறக்கும் பட்டப்படிப்பு, அதிலிருந்து போகும் வேலை என்று மூன்றையும் எழுதிப் பாருங்கள். உயிரியல் என்று எழுதினால் ஒரே வரியில் மருத்துவரும் வருவார், ஆய்வக உதவியாளரும் வருவார். இவர்களைக் கூட்டி வகுத்த சராசரி யாருடைய சம்பளமும் இல்லை! சராசரிக்குப் பதில் இடைநிலை மதிப்பு, அதாவது எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் சம்பளம், கொடுத்திருந்தால் கொஞ்சம் நம்பலாம், பட்டப்படிப்பு வாரியாகப் பிரித்திருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், எந்த வயதுச் சம்பளம் என்று பாருங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கணினி அறிவியல், பொறியியல் பட்டதாரிகளுக்கு வேலையில் சேரும்போது இருக்கும் சம்பள முன்னிலை, முதல் பத்தாண்டிலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது என்று டெமிங், நோரே என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் 2020இல் காட்டினார்கள். கற்ற திறமைகள் சீக்கிரம் பழசாகிவிடுவதுதான் காரணமாம். இருபத்தைந்து வயதுக்காரர்களின் சம்பளத்தை மட்டும் போட்ட வரைபடம் என்றால், நாற்பது வயதுக்கான தரவும் இருக்கிறதா என்று தேடுங்கள்.