மூன்று ஃபேஸ் மின்சாரம்: கூட்டல் கணக்கு சறுக்கும் இடங்கள்

ஒரு ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் (மூன்று ஃபேஸ்களுக்கும் பொதுவான திரும்பும் கம்பி) இடையே 230 வோல்ட். அப்படியானால் இரண்டு ஃபேஸுக்கு இடையே எவ்வளவு? 460 என்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே அளவுதானே, வித்தியாசம் பூஜ்யம் என்பவர்களும் உண்டு. சரியான விடை ஏறக்குறைய 400. ஏசி (மாறுதிசை மின்சாரம்) கணக்கில் வரும் தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான் கிளம்புகின்றன: எண்ணை எடுத்துக்கொள்கிறோம், அது எந்தக் கணத்து எண் என்பதை விட்டுவிடுகிறோம்.

50 ஹெர்ட்ஸில் ஒரு முழு அலைக்கு 20 மில்லி விநாடி. மூன்று ஃபேஸ்களும் 120 டிகிரி வீதம், அதாவது 6.67 மில்லி விநாடி தள்ளித் தள்ளி வருகின்றன. ஒன்று உச்சத்தைத் தொடும் கணத்தில் மற்ற இரண்டும் எதிர்ப்பக்கத்தில் பாதி உயரத்தில் நிற்கும். இரண்டு அலைகளின் வித்தியாசத்தை வரைந்து பார்த்தால் அதுவும் ஒரு சைன் அலைதான்; அளவு 230 × √3 = 398. அதைத்தான் 400 என்கிறோம். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் எண்கள் மாறும், √3 மாறாது.

அந்த 230-ஏ உச்ச மதிப்பு இல்லை. ஒரு ஹீட்டரில் 230 வோல்ட் டிசி (நேர்திசை மின்சாரம்) தரும் அதே சூட்டைத் தரும் அளவு அது; ஆர்.எம்.எஸ் என்பார்கள். அலையின் உச்சம் 325. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குப் பின்னால் 250 வோல்ட் கெப்பாசிட்டரைப் போட்டால் அது வெடிக்கத்தான் செய்யும். 400 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள். மீட்டரிலும் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண மல்டிமீட்டர்கள் பல சராசரியை அளந்து 1.11 ஆல் பெருக்கிக் காட்டுபவை. சுத்தமான சைன் அலைக்கு அது சரி. விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் வெட்டிய அலைக்குத் தப்பாகக் காட்டும்; அங்கே அலையின் உண்மையான ஆர்.எம்.எஸ்ஸையே அளக்கும் ட்ரூ ஆர்.எம்.எஸ் மீட்டர் வேண்டும்.

பவர் கணக்கில், 400 வோல்ட், ஒவ்வொரு லைனிலும் 10 ஆம்பியர் என்றதும் 3 × 400 × 10 போட்டு 12 கேவிஏ (கிலோ வோல்ட்-ஆம்பியர்) என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் √3 × 400 × 10, சுமார் 6.9 கேவிஏ. ஸ்டாரில் (மூன்று சுருள்களின் ஒரு முனை பொதுப்புள்ளியில் சேரும் இணைப்பு) ஒவ்வொரு சுருளும் பார்ப்பது 230 வோல்ட்தான். டெல்டாவில் (சுருள்கள் முக்கோணமாக, ஒவ்வொன்றும் இரண்டு ஃபேஸுக்கு இடையே வரும் இணைப்பு) சுருளுக்கு 400 கிடைக்கும், ஆனால் லைனின் 10 ஆம்பியரில் 5.77 மட்டுமே அதில் ஓடும். எப்படிப் போட்டாலும் விடை ஒன்றுதான். கிலோவாட் வேண்டுமென்றால் பவர் ஃபேக்டரால் (கேவிஏவில் உண்மையான பவராகும் பங்கு) பெருக்க வேண்டும்.

நியூட்ரல் விஷயத்தில்தான் அலட்சியம் அதிகம். லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் இல்லை என்று படித்ததை வைத்து, மெல்லிய ஒயர் போதும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர், எல்இடி விளக்கு போன்றவை இழுக்கும் கரண்ட் சைன் வடிவில் இருப்பதில்லை. அதில் 150 ஹெர்ட்ஸ் கலப்பு இருக்கும். 120 டிகிரியின் மூன்று மடங்கு 360. ஆகவே மூன்று ஃபேஸிலிருந்தும் வரும் அந்தக் கலப்பு ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். ரத்தாகாமல் நியூட்ரலில் குவியும். ஃபேஸ் ஒயரைவிட நியூட்ரல் அதிகம் சூடாவதுகூட நடக்கும்.

நியூட்ரல் அறுந்தால் இன்னும் மோசம். ஒரு ஃபேஸில் 1000 வாட் ஹீட்டர், இன்னொன்றில் 100 வாட் குண்டு பல்பு, மூன்றாவது காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரல் போனதும் இரண்டும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக வந்துவிடும். பெரிய லோடுக்குத்தான் பெரிய வோல்ட்டேஜ் போகும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. பல்பின் மின்தடை 529 ஓம், ஹீட்டருடையது 53 ஓம். அதனால் பல்பின் மேல் சுமார் 364 வோல்ட், ஹீட்டருக்கு மீதி 36. பல்பு உடனே போய்விடும். நியூட்ரலில் தனியாக ஃபியூஸ் போடக்கூடாது என்பது இதனால்தான்.

அப்புறம் மோட்டார். பெயர்ப்பலகையில் 230/400 (டெல்டாவில் 230, ஸ்டாரில் 400) என்று இருந்தால் 400 வோல்ட் சப்ளையில் ஸ்டார்தான். டெல்டாவில் போட்டால் பவர் கூடும் என்று மாற்றினால் சுருள் கருகும். 400/690 என்று இருந்தால் அதே சப்ளையில் டெல்டா சரி. சுழலும் திசையை மாற்ற ஏதாவது இரண்டு ஃபேஸ்களை இடம் மாற்றினால் போதும். மூன்றையும் வரிசையாக ஒவ்வோர் இடம் நகர்த்தினால் திசை மாறவே மாறாது. சப்ளையைத் துண்டித்து, ஒயர்களில் அடையாளம் போட்டுவிட்டுக் கழற்றுங்கள். திரும்ப மாட்டியதும் மோட்டாரை லோடிலிருந்து பிரித்து ஒரு நொடி ஓட்டித் திசையைப் பாருங்கள்.